பழைய தேக்கு மேசைக்கு எது சரி: ஸ்பிரிட் பாலிஷா, பியூவா, எனாமலா?

பழைய மரச்சாமான் கடையில் தேக்கு மேசையைப் பேரம் பேசிக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம், காசு கரைவது அதற்குப் பிறகுதான். மேலே என்ன பூசுவது என்று கேட்டால் ஆசாரி பியூ (பாலியூரிதேன் என்ற கெட்டியான பூச்சு) என்பார், பெயின்ட் கடையில் எனாமலை எடுத்து வைப்பார்கள், வீட்டுப் பெரியவர்கள் ஸ்பிரிட் பாலிஷே போதும் என்பார்கள். பட்ஜெட் சின்னது, வேலையும் நாமே செய்யப்போகிறோம் என்றால் என் ஓட்டு பெரியவர்களுக்குத்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. மேசையின் அடியில் கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக். அதை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான் ஸ்பிரிட் பாலிஷ். அப்படியானால் மரம் வரைக்கும் சுரண்டத் தேவையில்லை. ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே புதுப் பாலிஷ் போடலாம், ஏனென்றால் புதுக் கோட்டில் இருக்கும் ஸ்பிரிட் பழைய கோட்டையும் கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பின்னால் கீறல் விழுந்தாலும் இதே கதைதான், அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். ஷெல்லாக் செதில், ஸ்பிரிட், உள்ளே பஞ்சு வைத்துக் கட்டிய பருத்தித் துணி, அவ்வளவுதான் செலவு. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம், ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

குறையும் உண்டு. சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும், தண்ணீர் நின்றால் வெள்ளை வட்டம் வரும், சானிடைசர் சிந்தினால் பூச்சே கரையும். அடைமழை நாளில் பூசினால் காற்றின் ஈரத்தில் வெளுத்துப்போகும், அதனால் ஐப்பசி கார்த்திகையில் அவசரப்படாமல் தை வரை பொறுத்திருப்பது நல்லது.

இந்த இடத்தில்தான் பியூ ஜெயிக்கிறது. தண்ணீர், சூடு, குழந்தைகள் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் இரண்டு டப்பாவாக வரும் பியூவில், பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும், மீந்தது வீண். வழவழப்பாக வர ஸ்பிரே கன் தேவை, ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைப் பாதிக்கும் என்பதால் சாதாரணத் துணி மாஸ்க் போதாது. ஆழமாகக் கீறல் விழுந்தால் ஒட்டுப்போட்டது தனியாகத் தெரியும், பெரும்பாலும் பலகை முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டிவரும். மெழுகு நீக்காத ஷெல்லாக்கின் மேல் இது சரியாகப் பிடிக்காது என்பதையும் கவனியுங்கள். தினமும் சாப்பிடும் மேசை என்றால் மேல்பலகையை மட்டும் ஆள் வைத்து பியூ அடித்துக்கொண்டு, கால்களுக்கு நீங்களே ஸ்பிரிட் பாலிஷ் போடுங்கள். நிறம் இம்மி வித்தியாசப்படும், செலவு நன்றாகக் குறையும்.

மெலமைன் என்ற இன்னொரு மரப் பாலிஷ் இந்த இரண்டுக்கும் நடுவில். காயும்போது வரும் ஃபார்மால்டிஹைடு நெடிக்காகவே வீட்டுக்குள் அதை நான் சொல்லமாட்டேன்.

எனாமலுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. காலொன்று தேக்கு, சட்டம் வேறு மரம், மேலே பிளைவுட் ஒட்டுப்போட்டது என்று கலவையாக இருந்தால் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எனாமல் பூசிவிடுவதே புத்திசாலித்தனம். இரும்பு பீரோவுக்கும் அதுதான். நல்ல தேக்கின் மேல் மட்டும் வேண்டாம், அந்த ரேகையைப் பூசி மூடுவதைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்பதில்லை. ரேகைக்குள் இறங்கிய பெயின்டைப் பிறகு எடுப்பதும் லேசான வேலை இல்லை.

ஏற்கெனவே பெயின்ட் அடித்த சாமானை வாங்கினால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம், அந்தத் தூசி நஞ்சு, அதனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேயுங்கள், தூசிக்கான நல்ல மாஸ்க் போடுங்கள், வழித்தெடுத்ததைப் பையில் கட்டுங்கள், வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே விடாதீர்கள்.