நைனா தடவிப் பார்த்த பந்து

அக்கா வீட்டுக்காரர் நியூஜெர்சியிலிருந்து வந்து பெட்டியைத் திறந்ததும் பந்தை முதலில் கையில் எடுத்தது நான் இல்லை, நைனாதான். ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் 31 வருடம் தரம் பிரித்தவர். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். முகர்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மாட்டுத் தோலும்மா. மேல அச்சு போட்டுக்கீறாங்க, ஆனா தோலு உயிரோட கீது. கையில ஒட்டுது பாரு" என்றார்.

வில்சன் கம்பெனியின் 'தி டியூக்' பந்து அது. அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களில் எறிவது இதைத்தான். 1941-லிருந்து வில்சன்தான் அவர்களுக்குப் பந்து தருகிறது. சிகாகோவில் உள்ள ஹார்வீன் ஆலையில் பதனிட்ட தோல், ஒஹாயோவில் ஏடா என்ற சின்ன ஊருக்குப் போய்ப் பந்தாகிறது. நான்கு துண்டுகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, ஆவியில் இளக்கி, புரட்டி, பிளாடரை நுழைத்து, கடைசியில் கையால் லேஸ் கட்டுகிறார்கள். பன்றித்தோல் என்று அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நைனா சொன்னதுதான் சரி, மாட்டுத்தோல்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். இரண்டு வருடமாக ஞாயிறு காலைகளில் 14 பிள்ளைகளுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். மோதிக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக இடுப்பில் தொங்கும் கொடியை உருவுகிற ஆட்டம், பக்கத்துக்கு ஐந்து பேர். 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குக் கிரிக்கெட்டைச் சேர்த்தபோது இதையும் சேர்த்தார்கள். கிரிக்கெட் செய்தி மட்டும்தான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது.

சரி, பிள்ளைகளுக்குச் சொல்லித் தர நூறு டாலருக்கு மேல் விலையுள்ள பந்து எதற்கு? அதற்குக் காரணம் டக் பீடர்சன் என்ற அமெரிக்க ஃபுட்பால் கோச்.

நான் காலேஜில் ஹேண்ட்பால் அணியில் மூன்று வருடம் ரிசர்வ். வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்த நாட்கள்தான் அதிகம். அந்த வலி இன்னும் இருக்கிறது. பீடர்சனும் அப்படிப்பட்டவர்தான். 1991-ல் டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், யாரும் எடுக்காத குவார்ட்டர்பேக் (அணிக்காகப் பந்தை எறிகிறவர்). மயாமியில் டான் மரினோவுக்குப் பின்னால், கிரீன் பேயில் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார். 1999-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் முதல் இடம் கிடைத்தது. ஒன்பது ஆட்டம் ஆடியதும் டோனோவன் மெக்னாப் என்ற புதுப் பையனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. மொத்த வாழ்க்கையிலும் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் களமிறங்கியது 17 தடவைதான்.

ஆடி முடித்த பிறகு, 2005-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூட அணிக்குக் கோச்சாகப் போனார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்.எஃப்.எல்.லில் இருந்தவர் நான்கு சீசன் பள்ளிப் பையன்களோடு நின்றார். 2009-ல் தன் பழைய கோச் ஆண்டி ரீட் கூப்பிட, ஃபிலடெல்ஃபியாவில் அடிமட்ட உதவியாளர் வேலையில் சேர்ந்தார். பிறகு குவார்ட்டர்பேக்குகளுக்கான கோச், ரீடுடன் கான்சாஸ் சிட்டி, 2016-ல் மறுபடி ஈகிள்ஸ், இந்தத் தடவை தலைமைக் கோச்சாக.

2018 பிப்ரவரி 5, திங்கள் விடிகாலை 5 மணிக்கு நான் பார்த்த சூப்பர் பவுலை, அதாவது லீகின் இறுதிப் போட்டியை, மறக்கவே முடியாது. முதல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு டிசம்பரிலேயே முட்டியில் அடி. ரிசர்வில் இருந்த நிக் ஃபோல்ஸ்தான் ஆட வேண்டும், எதிரணியின் குவார்ட்டர்பேக் ஜாம்பவான் டாம் பிரேடி. முதல் பாதி முடியும் நேரம், கோட்டுக்கு ஒரு கெஜ தூரம், கடைசி வாய்ப்பு. எல்லோரும் உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொள்கிற இடம். பீடர்சன் எடுக்கவில்லை. பந்து ஓட்டக்காரரிடம் போனது, அவர் டிரே பர்டனிடம் தள்ளினார், பர்டன் எறிந்தார், அதைப் பிடித்தது குவார்ட்டர்பேக் ஃபோல்ஸ்! 41-33. ஈகிள்ஸுக்கு முதல் சூப்பர் பவுல், ஃபோல்ஸுக்கு ஆட்ட நாயகன் விருது. நான் டிவி முன்னால் எழுந்து நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஏற்ற இறக்கம்தான். 2021-ல் ஈகிள்ஸ் அனுப்பிவிட்டது. பிறகு ஜாக்சன்வில் அணியின் கோச்சாக, 27-0 என்று பின்தங்கிய பிளேஆஃப் ஆட்டத்தை 31-30 என்று ஜெயித்துக் காட்டினார், 2024 சீசனில் 4 வெற்றி 13 தோல்வி, அங்கேயும் வேலை போனது. என் மனசில் அவர் இடம் மாறவில்லை.

பர்டன் எறிந்ததைப் பார்த்த நாளிலிருந்து ஒரு எண்ணம். என்னிடம் வருகிற 14 பேரும் எறியக் கற்க வேண்டும், 'எறிகிறவள்' என்று ஒருத்தியை மட்டும் நிறுத்தி வைக்கக் கூடாது. அதற்கு நல்ல பந்து வேண்டும். முதலில் ஆன்லைனில் ஒரு மலிவுப் பந்து வாங்கினேன், பெயர் வேண்டாம். பாலாற்று மணலில் இரண்டே மாதம், தையல் வாய் பிளந்துவிட்டது. அதன் ரெக்சின் மேல் வியர்வை பட்டால் மீன் மாதிரி வழுக்கும். நம்ம ஊர் மே மாதத்தில் வியர்க்காத கை எங்கே இருக்கிறது?

டியூக் அப்படி வழுக்கவில்லை. ஆறேழு வாரம் எறிந்து எறிந்து தோல் பழகியதும் இன்னும் நன்றாகப் பிடி கிடைக்கிறது. விரல்களை லேஸ் மேல் வைத்து விட்டால் திருகு மாதிரி சுழன்று நேராகப் போகிறது. ஆனால் இது பெரியவர்கள் பந்து, ஏறக்குறைய 11 அங்குல நீளம், 400 கிராமுக்கு மேல் எடை. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் விரல் பாதிக்குக் கூட எட்டவில்லை. அதனால் 12 முதல் 14 வயதுக்கான அளவான டி.டி.ஒய். என்ற பந்தை, தோல் இல்லாமல் செயற்கைப் பொருளில் செய்தது, நான்கு தனியாக வாங்கினேன். 9 முதல் 12 வயதுக்கு டி.டி.ஜே. இருக்கிறது. பள்ளிக்கு வாங்குகிறவர்கள் முதலில் இவற்றை வாங்குங்கள். டியூக் ஒன்று போதும், அது கோச்சின் கையில் இருக்கட்டும். எறிந்து காட்டும்போது பந்து சுழல்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

காற்று 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது லீக் விதி. வெயிலில் கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் பந்து கல் மாதிரி ஆகிவிடும், நிழலில் வையுங்கள். மழையில் தோல் பந்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அப்புறம் நைனா. ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் டியூக்கை மடியில் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, ஷூ பிரஷ் போட்டுத் தேய்க்கிறார். அமெரிக்காவிலும் ஆட்டத்துக்கு முன்னால் இதற்கென்று ஆட்கள் உட்கார்ந்து தேய்ப்பார்கள் என்று சொன்னேன். "பின்ன, தோலுன்னா அப்படித்தான்" என்றார். போன வாரம் பிள்ளைகளின் பந்துகளையும் கேட்டார்.

"அது ரெக்சின் மாதிரி தான் நைனா, அதுக்கு எதுக்கு?"

"அழுக்காவது போவட்டும். குடு இப்பிடி."