கிருஷ்ணகிரியில் ஒரு வாசிப்பு வகுப்பு: எட்டு மாத அனுபவம்

பையன் நாலாவது போனதிலிருந்து காலையில் வயிற்றுவலி, அதுவும் தமிழ் பீரியட் இருக்கிற நாளில் மட்டும். ஓமத்தண்ணி, பூச்சி மாத்திரை, கடைசியில் ஸ்கேன் வரைக்கும் போனோம், ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னால் திணறுவானாம், பின் பெஞ்சில் சிரிப்பார்களாம். நானும் சும்மா இருக்கவில்லை, "மல்கோவாவுக்கும் செந்தூராவுக்கும் தூரத்திலேயே வித்தியாசம் சொல்ற, 'கொ' தெரியலையா"ன்னு கை ஓங்கியிருக்கிறேன்.

தெரிந்தவர் சொல்லி, ராயக்கோட்டை ரோடு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்த்தோம். மாதம் எட்டு வகுப்பு, 2,500 ரூபாய். காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் செலவு தனி.

முதல் நாள் மிஸ் புத்தகத்தையே எடுக்கவில்லை. தட்டில் ராகி மாவைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னார். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் வாயில் க் சத்தம்தானே முதலில் வருகிறது? 'கொ'வுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. இவன் கொடியை ஒரு நாள் கெடி என்பான், மறுநாள் காடி என்பான். இத்தனை வருஷமாகத் தமிழ் படிக்கிற எனக்கே இது உறைத்ததில்லை.

இது டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடாக இருக்கலாம், புத்திக் குறைவு கிடையாது, ஆனால் உறுதியாகச் சொல்வது என் வேலையில்லை, முறையாகப் பரிசோதனை செய்யுங்கள் என்றார் மிஸ். இந்த நேர்மை பிடித்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். மாமியாருக்கு இன்னும் சம்மதமில்லை, "புள்ளைக்கு முத்திரை குத்தப் போறீங்களா" என்கிறார்.

குறையும் உண்டு. அச்சடித்த பயிற்சித் தாள் முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான், தமிழுக்குக் கையால் எழுதித்தான் தருகிறார்கள். அதைவிட மோசம் அந்தக் கண்ணாடி ஜன்னல். பெற்றோர் உட்காரும் பெஞ்சிலிருந்து உள்ளே அப்படியே தெரியும். என் முகத்தைப் பார்த்த உடனே இவன் வாய் அடைத்துவிடும். நான் சொன்னதும் ஜன்னலில் பாதி உயரத்துக்குப் பேப்பர் ஒட்டினார்கள், நான் உயரம், இன்னும் தெரிகிறேன். இப்போது கீழே டீக்கடையில்தான் உட்காருகிறேன்.

வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, ஒரு பத்தி முடிக்க பத்து நிமிஷம் ஆகும். ஆனால் வயிற்றுவலி மூன்று மாதமாக இல்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில், யாரும் கேட்காமலே, எதிர் பஸ்ஸின் போர்டைப் பார்த்து "போசம்பள்ளி" என்றான். கொஞ்சம் நின்றான். "இல்லம்மா, போச்சம்பள்ளி." நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் வெட்கப்படுவான்.

ரிசல்ட் ஒரே மாதத்தில் வேண்டும் என்பவர்கள் போகவேண்டாம். சனிக்கிழமை போவதாக இருந்தால் பத்து மணிக்கு முன்னாடியே போய்விடுங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.