செல்ஃப் எடுக்கலையா, எடுத்தும் ஓடலையா? பழைய மாருதி 800 இரண்டில் ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் இரண்டு மாருதி 800 இருக்கின்றன. அப்பாவின் 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி; பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவிதான் கார்புரேட்டர். என்னுடையது 2004 மாடல், எம்.பி.எஃப்.ஐ.; அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் வண்டி. இரண்டுக்கும் அதே 796 சி.சி., அதே மூன்று சிலிண்டர்தான். ஆனால் காலையில் கிளம்ப மறுத்தால், ஒன்றுக்குப் பார்க்கிற வைத்தியம் மற்றதற்குச் சரிப்படாது.

"வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று போனில் சொன்னால், நல்ல மெக்கானிக் உடனே திருப்பிக் கேட்பார்: "செல்ஃப் எடுக்குதா சார்?" அதாவது, சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றுகிறதா என்று. நோய் எந்தப் பக்கம் என்பது இதில்தான் பிரிகிறது. என்ஜின் சுற்றவே இல்லையென்றால் பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் ஸ்பார்க் அல்லது பெட்ரோல். இதைப் பிரிக்காமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரியா, செல்ஃபா, வயரா?

இந்தக் கட்டத்தில் இரண்டு வண்டியும் ஒன்றுதான். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அணைகிற அளவுக்கு மங்கி 'டக டக டக' என்று சத்தம் வந்தால் பேட்டரியோ அதன் டெர்மினலோ தளர்ந்திருக்கிறது. வெளிச்சம் அப்படியே நின்று ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குள் போகவில்லை. மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டு சுவிட்சையோ, மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதையோ சந்தேகிக்கலாம். அப்போது ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். பிரஷ்தான் காரணம் என்பதற்கு அது நல்ல சாட்சி. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்க வேண்டும்.

நம் ஊரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் முதலில் நடப்பது புது பேட்டரி வாங்குவது. நானும் அப்படி வாங்கினேன். நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. மூன்றாம் நாள் அதே 'டக டக'. பேட்டரி விற்றவர் மீட்டர் வைத்துப் பார்க்கவே இல்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. குற்றவாளி என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் வயர்; கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை அது. அதன் போல்ட் துருப்பிடித்திருந்தது. மணல் காகிதத்தால் தேய்த்து இறுக்கியதோடு சரியாகிவிட்டது.

அதிலிருந்து சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை டிக்கியில் வைத்திருக்கிறேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. முதலில் சார்ஜ் போடுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம். சார்ஜ் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால்தான் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நம்புவேன். எர்த்தைப் பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழிலும் மற்றதை என்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. புது பேட்டரி போட்டாலும் அந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவித் துடைத்தாலே பாதி வண்டிகள் எழுந்துவிடும் என்பது என் அனுபவம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

ஸ்பார்க்கா, பெட்ரோலா?

இங்கேதான் இரண்டு வண்டியும் பிரிகின்றன. கார்புரேட்டர் வண்டியில் எல்லாமே கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும். பிளக்கைக் கழற்றி நாசியருகே வையுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் இழுப்பான்) உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் கக்கிவிட்டு எடுக்கும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த வண்டியின் பெட்ரோல் பம்ப் என்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும்; ஒரு மாதம் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணம் வறண்டிருக்கும், அது நிரம்பும்வரை கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அடிக்கத்தான் வேண்டும். மழைக்காலமென்றால் நான் முதலில் கழற்றுவது, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத்தான். உள்ளே வியர்த்திருந்தால் உலர்ந்த துணி போதும்.

எம்.பி.எஃப்.ஐ.யில் மூக்குக்கு வேலை குறைவு, காதுக்கு அதிகம். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ஙொய்ங்' என்று பம்ப் முனக வேண்டும். முனகாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்கலாம். சாவி ஆனில் இருக்கும்போது செக் என்ஜின் விளக்கு எரியாவிட்டால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.எம்.முக்கே கரண்ட் போகாமல் இருக்கலாம். பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டு ஸ்பார்க் பார்க்கும் பழைய பழக்கம் இந்த வண்டிக்கு ஆகாது. ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலும் எலெக்ட்ரானிக்ஸும் போய்விடக்கூடும். அதற்கென்றே ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால், பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தாலே அப்பாவின் வண்டி எடுத்துவிடும். என் வண்டியில் பம்ப்பும் இ.சி.எம்.மும் விழித்திருக்கிற அளவுக்கு வோல்டேஜ் வேண்டும். அறவே செத்த பேட்டரியோடு தெருமுனை வரை தள்ளியும் பலனில்லை.

வீட்டில் நின்று நாமே கண்டுபிடிக்க எது சுலபம் என்றால், தயங்காமல் கார்புரேட்டர் வண்டியைச் சொல்வேன். அடிக்கடி படுப்பதும் அதுதான். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களும், பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அப்பாவின் வண்டியில் குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டேன். டயஃப்ரம் அடுத்த மாதம்.