பாஸ் மீன்பிடிப் போட்டிப் படகும் அதன் காப்பீடும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

ஹூஸ்டனில் வசிக்கும் நான், 2016-இல் பத்தொன்பது அடி நீளமும் 200 குதிரைத்திறன் இயந்திரமும் கொண்ட, மூன்று ஆண்டு ஓடிய பாஸ் படகு (பாஸ் எனும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்கான படகு) ஒன்றை வாங்கினேன். அன்று முதல் சாம் ரேபர்ன், லேக் ஃபோர்க், டொலிடோ பெண்ட் ஆகிய நீர்த்தேக்கங்களில் நடக்கும் கிளப் அளவிலான போட்டிகளில் ஆண்டுக்கு ஏழெட்டு முறை கலந்துகொண்டு வருகிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்களின் பாலிசிகளை வைத்திருந்தேன். நான்கு முறை க்ளைம் செய்ய நேர்ந்தது. அந்த நான்கில் இரண்டு, படகு தண்ணீரிலேயே இல்லாதபோது நேர்ந்தவை. போட்டிக்குப் போகிறவர்கள் பாலிசியை வாசிக்கும்போது ஏரியை மட்டும் மனத்தில் வைத்து வாசிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

படகு வாங்கிய முதல் மாதத்தில், வீட்டுக் காப்பீடே இதற்கும் போதும் என்று நம்பியிருந்தேன். அமெரிக்காவில் பரவலாக வழங்கப்படும் வீட்டு பாலிசிகளில் படகு, டிரெய்லர், இயந்திரம், அதன் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500 டாலர்தான் வழக்கமான உச்சவரம்பு என்பதையும், வீட்டு வளாகத்துக்கு வெளியே படகு திருடுபோனால் அதுவும் கிடைக்காது என்பதையும் வாசித்தறிந்த அன்றே தனி பாலிசி தேடத் தொடங்கினேன். டெக்சாஸ் மாநிலச் சட்டம் படகுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவிலோ, 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரப் படகுக்குக் குறைந்தது 50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் காப்பீடு, இருக்க வேண்டும். அதற்கான சான்று படகிலேயே இருக்க வேண்டும். எங்கள் கிளப்பின் விதி இதைவிடக் கடுமையானது: 300,000 டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றைக் காட்டாதவர் படகை இறக்கவே முடியாது.

அந்தத் தொகைக்கான காப்பீட்டை எந்த நிறுவனமும் தந்துவிடும். ஆனால் பெரும்பாலான படகு பாலிசிகள் பந்தயத்தையும் வேகப் போட்டியையும் விலக்குகின்றன. படகை வணிகத்துக்குப் பயன்படுத்துவதையும் விலக்குகின்றன. அதிகாலையில் வரிசை எண்படி படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மணிக்கு அறுபது மைல் வேகத்தில் பாய்வதைப் பந்தயம் என்று க்ளைமை ஆராய வரும் நிறுவன மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பரிசுத்தொகை வாங்கினால் அது வணிகமாகிவிடுமா? முகவர் தொலைபேசியில் “ஒன்றும் பிரச்சினையில்லை” என்றார். நான் இரண்டு கேள்விகளையும் மின்னஞ்சலில் அனுப்பி, மீன்பிடிப் போட்டி பந்தயமாகாது, பரிசு பெறுவது வணிகப் பயன்பாடாகாது என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்தேன். கட்டணம் வாங்கிக்கொண்டு பிறரை மீன்பிடிக்க அழைத்துச் செல்வது வேறு விஷயம்; அதற்குக் கடலோரக் காவல்படையின் உரிமம் தேவைப்படலாம், காப்பீடும் தனி வகை. ஒரே ஒரு வார இறுதிக்கு அப்படி உதவப் போய் பாலிசியைச் செல்லாததாக்கிக்கொள்ள வேண்டாம்.

2021 மார்ச்சில் லேக் ஃபோர்க்கில் நேர்ந்த விபத்துதான் என்னை நிறுவனம் மாற வைத்தது. 1980-இல் அணை கட்டி நீர் தேக்கியபோது அங்கே ஏராளமான மரங்களை வெட்டாமலேயே விட்டிருந்தார்கள். மீனுக்கு அவை நல்ல இருப்பிடம். ஓட்டுகிறவனுக்கு ஓயாத கவலை. படகு வழித்தடத்தை விட்டுச் சற்றே விலகியபோது, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த ஓர் அடிமரத்தில் இயந்திரத்தின் கீழ்ப்பகுதி மோதி, கியர் பெட்டி விரிசல் விட்டது. பழுதுபார்க்க 4,700 டாலர் ஆனது. என் பாலிசி, தேய்மானம் கழித்த மதிப்பையே தரும் வகை. இயந்திரத்தின் வயதைச் சொல்லி 45 விழுக்காடு கழித்து, என் பங்கான டிடக்டிபிள் 500 டாலரையும் கழித்து, 2,085 டாலர் தந்தார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை; பாலிசியில் எழுதியிருந்தபடியே நடந்துகொண்டார்கள். ஆண்டுக்கு நூறு டாலர் மிச்சம் என்று நான்தான் அந்தப் பத்தியைக் கடந்து போயிருந்தேன்.

ஆகவே அடுத்த நிறுவனத்தில் உடன்பட்ட மதிப்பு வகை பாலிசியை எடுத்தேன். படகு முழுவதுமாக அழிந்தால், முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை தேய்மானமின்றிக் கிடைக்கும். இந்தப் பெயரை மட்டும் நம்பி நின்றுவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். உடன்பட்ட மதிப்பு முழு இழப்புக்கே பொருந்தும். கீழ்ப்பகுதி உடைவது போன்ற பகுதி இழப்புக்குத் தனி விதி இருக்கும், அதில் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய இயந்திரத்துக்குத் தேய்மானம் மறுபடி நுழைந்துவிடக் கூடும். மூன்று நிறுவனங்களின் மாதிரி பாலிசிகளைக் கேட்டு வாங்கி அந்த ஒரு விதியை மட்டும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்தேன். பிரீமியம் 430 டாலரிலிருந்து 610 ஆனது, இப்போது 760.

2023 பிப்ரவரியில், சாம் ரேபர்னில் போட்டிக்கு முந்தைய இரவு, தங்கியிருந்த மோட்டலின் வாகன நிறுத்தத்தில் படகின் உறையைக் கிழித்து, நீருக்கடியில் மீன் இருக்குமிடத்தை ஒலியலையால் காட்டும் இரண்டு சோனார் திரைகளையும், பெட்டியில் இருந்த பதினோரு தூண்டில் கோல்களையும் ரீல்களோடு எடுத்துச் சென்றுவிட்டார்கள். காலை நான்கு மணிக்கு, வயர்கள் மட்டும் தொங்கிய அந்த இடத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. க்ளைமில் எழுந்த முதல் கேள்வி, திரைகள் படகின் பகுதியா, தனிப்பட்ட உடைமையா என்பதே. எளிதில் கழற்றக்கூடிய திருகில் பொருத்தியிருந்ததால் உடைமை என்று முதலில் சொன்னார்கள். வயரிங் நிரந்தரமாகப் படகுக்குள் ஓடுவதைக் காட்டும் பழைய புகைப்படங்களும், பொருத்தித் தந்த கடையின் ரசீதும் இருந்ததால் படகின் சாதனம் என்று ஏற்று முழு விலையும் தந்தார்கள். தூண்டில்களுக்கு மீன்பிடிக் கருவிகளுக்கான உச்சவரம்பு 5,000 டாலர். ரசீது இருந்த ஏழுக்கு மட்டுமே பணம் வந்தது. இன்று ஒரு போட்டிப் படகின் மின்னணுச் சாதனங்களே பழைய காரின் விலையை எட்டுகின்றன. ஆகவே இந்த ஒரு வரம்பை, பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள்.

உடன் வருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிகளில் குலுக்கல் முறையில் முன்பின் அறியாத ஒருவர் நம் படகில் ஏறுகிறார். 2019-இல் டொலிடோ பெண்டில் காற்றெதிரே திறந்த நீரைக் கடந்தபோது, அலையில் படகு தூக்கிப்போட, அப்படி வந்தவரின் மணிக்கட்டு முறிந்தது. யார் தவறு என்று பாராமல் மருத்துவச் செலவைத் தரும் பிரிவில் என் வரம்பு வெறும் 1,000 டாலராக இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் முதல் பில்லுக்கே அது போதவில்லை; அவருடைய சொந்த மருத்துவக் காப்பீடுதான் மீதியைத் தாங்கியது. என்னை நம்பி ஏறியவருக்கு அந்த நிலை வந்தது இன்றும் உறுத்துகிறது. அந்த வாரமே வரம்பை 10,000 ஆக்கினேன். கூடுதல் செலவு ஆண்டுக்கு இருபது டாலருக்கும் குறைவு.

நான்காவது க்ளைம் சிறியது. 59-ஆம் நெடுஞ்சாலையில் லிவிங்ஸ்டன் அருகே, விடியற்காலை மூன்று மணிக்கு டிரெய்லர் சக்கரத்தின் பேரிங் எரிந்து நின்றுவிட்டோம். காருக்கான சாலை உதவித் திட்டம் டிரெய்லரைத் தொட மறுத்தது. படகு பாலிசியில் சேர்த்திருந்த தரைவழி இழுவைப் பிரிவுதான் படகைக் கடைக்குக் கொண்டு சேர்த்தது. நீரில் இழுத்து வரும் உதவியையும் தரையில் இழுக்கும் உதவியையும் தனித்தனியே எழுதியிருப்பார்கள், இரண்டும் வேண்டும்.

நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் பிரிவை விளம்பரங்களில் பெரிதாகக் காட்டுகிறார்கள். திருட்டு நடந்தபோது எனக்கு 250 டாலர் அப்படிக் கிடைத்தது உண்மை. ஆனாலும் அதற்காக ஒரு பாலிசியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும், புதுப்பிப்புக்கு முன், படகை வெளிச்சத்தில் நிறுத்தி ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, தொடர் எண் தெரியும்படி படம் எடுத்து ரசீதுகளோடு சேர்த்து வைக்கிறேன். இந்த ஆண்டு முன்பக்கத்தில் நேரலைச் சோனார் ஒன்று புதிதாகப் பொருத்தினேன். வாங்கிய மறுநாளே நிறுவனத்துக்கு எழுதியதில், உடன்பட்ட மதிப்பு 24,000 டாலரிலிருந்து 27,000 ஆக உயர்ந்திருக்கிறது. திருத்திய பக்கத்தின் ஒரு பிரதி படகிலும் ஒன்று காரிலும் இருக்கின்றன.