விற்றுவிட்டு வருவதா, உள்ளே இருந்து கேட்பதா?

மனிதர்களை வதைப்பதற்குத் துணைபோகும் கம்பெனியின் பங்குகளில் திருச்சபைப் பணம் கிடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? புதுச்சேரியிலும் கடலூரிலும் நிதிக்குழுக்களில் இருப்பவர்களிடம் பேசினால் இரண்டு பதில் வருகிறது. "அந்தக் காசே வேண்டாம், வித்துடுங்க" என்பது ஒன்று. "வித்துட்டா கேள்வி கேட்கிற உரிமையும் போயிடுமே" என்பது இன்னொன்று.

இரண்டாவதைப் பேசுகிறவர்களுக்கு லியோன் சல்லிவனின் கதை தெரிய வேண்டும். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற கறுப்பினப் போதகர் அவர். தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 1977-ல் விதிகள் வகுத்தார்: சாப்பாட்டுக்கூடத்திலும் கழிப்பறையிலும் நிறப் பிரிவினை கூடாது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். ஆலைக்குள் கொஞ்சம் மாறியது. வாசலுக்கு வெளியே நிறவெறிச் சட்டம் அப்படியே நின்றது. அதை ஒழிக்க 1985-ல் இரண்டு வருடம் கெடு வைத்தார். கெடு முடிந்ததும், 1987-ல், 'எல்லோரும் வெளியேறுங்கள்' என்று அவரே சொன்னார். அந்தக் கெடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

விற்பதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் டோங்ரியா கோந்து பழங்குடி மக்களின் உரிமையை மதிக்கவில்லை என்று இங்கிலாந்துத் திருச்சபை 2010 பிப்ரவரியில் வேதாந்தா சுரங்கக் கம்பெனியின் பங்குகளை விற்றது. முதலில் பேசிப் பார்த்தது. பலிக்காததால் காரணத்தை ஊரறியச் சொல்லிவிட்டு விற்றது. மலையைக் காப்பாற்றியது அந்த மக்கள்தான். 2013-ல் 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஆனால் அவர்கள் குரல் லண்டன் வரை கேட்டதில் அந்த விற்பனைக்கும் பங்குண்டு.

வெளியேறுவதிலும் ஓட்டை உண்டு. சூடான் எண்ணெய் வயல்களில் நடந்த கொடுமைகளுக்காகக் கனடா திருச்சபைகளும் மற்றவர்களும் நெருக்க, அந்நாட்டு எண்ணெய்க் கம்பெனியான டாலிஸ்மேன் 2003-ல் அங்கிருந்து கிளம்பியது. அதன் பங்கை வாங்கியது, காரைக்காலில் நாம் பார்க்கிற ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுப் பிரிவு. எண்ணெய் நிற்கவில்லை.

சரி, நம் சபைகளுக்கு? வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகள் பொதுவாகத் தனியார் கம்பெனிப் பங்குகளை நேரடியாக வைத்திருக்க முடியாது. வங்கி வைப்பு, அரசுப் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் என்றுதான் போகும். ஃபண்ட் நம் பணத்தில் கம்பெனிப் பங்கு வாங்கினாலும், பங்குதாரர் வாக்குரிமை ஃபண்ட் நிறுவனத்திடம். அதனால் உள்ளே இருந்து கேட்பது இங்கே இன்னும் பலவீனம். என் பரிந்துரை: எந்தக் கம்பெனிகளில் பணம் போட்டிருக்கிறது என்று ஃபண்ட் மாதாமாதம் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள், அப்படிப்பட்ட கம்பெனியின் பெயர் இருந்தால் பதிலுக்குக் கெடு தேதி குறித்து ஃபண்டுக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுங்கள். ஏன் எடுத்தோம் என்பதை ஞாயிறு அறிவிப்பில் கம்பெனி பெயரோடு வாசியுங்கள்.