பாறைக் கரையில் இரவுச் செப்பிலி: மத்தியா, உயிர் மடவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே உள்ள பாறைக் கரைகளில், இங்கு கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவில் தூண்டில் போடும் நம்மவர்களுக்கு இரண்டு இரைகள் உண்டு: உறைய வைத்த மத்தி அல்லது உயிருள்ள மடவை. இளமையில் கழிமுகத்தில் வளர்ந்து, பின்னர் கடற்பாறைகளுக்குப் பெயரும் செப்பிலிக்கு (சங்கராவின் இனம்தான்) எது ஏற்றது என்பது பெரும்பாலும் அன்றைய தண்ணீரின் நிறத்தைப் பொறுத்தது.

மத்தி கடையில் கிடைக்கும். எண்ணெயும் வாடையும் மிகுந்தது என்பதால், கோடை மழையில் ஆறுகள் கலங்கி வந்து கடலில் சேரும் நாள்களில் மீன் அதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. ஆனால் சதை மென்மையானது. மீள் நூலால் இறுகச் சுற்றாவிட்டால் வீசும்போதே கழன்றுவிடும். கெளுத்தியும் அஞ்சாலையும் முந்திக்கொள்வது வேறு தொல்லை.

மடவைக்கு உழைப்பு வேண்டும். பகலிலேயே பிடித்து, வாளியில் காற்றுக் குமிழி விட்டுக் காக்க வேண்டும். வீச்சு வலை போடத் தூண்டில் உரிமம் போதாது, தனி உரிமம் தேவை. மேலுதட்டில் தூண்டில் முள்ளைக் கோத்துப் பாறை இடுக்குக்கு அருகே விட்டால், அதன் துடிப்பே பெரிய மீனை வரவழைக்கும். செப்பிலி இரையைக் கவ்விய மறுகணம் தன் பொந்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால், தூண்டில் சுருளின் பிடியை (நரம்பு எளிதில் உருவிப் போகாமல் தடுக்கும் இறுக்கத்தை) தளர்வாக வைத்திருப்பவர் நரம்பைப் பாறையில் அறுபடக் கொடுத்துவிட்டு நிற்பார். ஈயக்குண்டை மெல்லிய நரம்பில் தனியே கட்டுவது நல்லது. சிக்கினால் குண்டு மட்டுமே போகும்.

கலங்கிய நீரில் மத்தியே போதும். நீர் தெளிந்திருந்தால், உழைப்பு மிகுதியானாலும், மடவையைத்தான் எடுப்பேன்.