அம்மாயியின் டிவிடி செட்டுக்கு எந்த வழி?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே தோட்டத்து லயத்துக் காம்பிராவில் (வரிசை வீட்டில்) இருக்கும் எங்கள் அம்மாயிக்குப் போனில் படம் பார்க்கப் பிடிக்காது. “டீவியில போட்டுக் குடு சாமி” என்பார். மாசியில் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை இரண்டு மணி நேரம் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதை அவருடைய பழைய டிவிடி செட்டில் ஓட வைக்க என்னென்ன வழி இருக்கிறதோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

செட்டின் முகப்பில் யூஎஸ்பி ஓட்டை இருந்தால் பென் டிரைவ்தான் லேசு. ஆனால் போன் எடுக்கும் எம்பி4 ஃபைலை அப்படியே போட்டால் பழைய செட்டுக்குப் புரியாது. பழைய செட்டுகளுக்குத் தெரிந்த எக்ஸ்விட் ஏவிஐ என்ற ஃபைல் வகையாக மாற்ற வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டவும் கூடாது. அம்மாயியின் செட்டில் அந்த ஓட்டையே இல்லை.

அடுத்தது டேட்டா டிஸ்க், அதாவது ஃபைல்களை அப்படியே எழுதிய டிஸ்க். 700 எம்பி ஏவிஐ படங்கள் ஆறு ஒரே டிஸ்க்கில் அடங்கும். செட்டின் மேல், இந்த வகை ஃபைல் ஓடும் என்று காட்டும் ‘டிவ்எக்ஸ்’ முத்திரை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். முத்திரை இல்லாத செட்டுக்கும் விண்டோஸில் ஃபைலை இழுத்துப் போட்டு ரைட் பண்ணிவிட்டு, “செட் பழுது” என்பார்கள். செட்டில் பழுதில்லை. அது கேட்பது எம்பெக்-2 படம், நம் நாட்டு டீவிகளின் பால் (PAL) முறைக்கு 720×576 அளவு, நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), எல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள்.

அதைச் செய்து தர டிவிடி ஸ்டைலர், டிவிடி ஃபிளிக் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. காசு கொடுத்தால் கன்வர்ட்எக்ஸ்டுடிவிடி. இலவசத்திலேயே வேலை முடிந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஸ்டைலரில் மெனு அழகாக அமைக்கலாம், படம் ஒட்டலாம், பொத்தான் வைக்கலாம். கல்யாண வீட்டு டிஸ்க்குக்கு அது சரி. கண் மங்கிய கிழவி ரிமோட்டில் அம்புக்குறி தேடுவாரா? ஃபிளிக்கில் மெனுவே வேண்டாம் என்று விட்டுவிடலாம். டிஸ்க்கைப் போட்டதும் கூத்து தொடங்கும், முடிந்ததும் முதலிலிருந்து ஓடு என்றும் சொல்லி வைக்கலாம். ஒரே குறை, அதன் கடைசிப் பதிப்பு 2009இல் வந்தது. இப்போதைய போன்கள் பல படத்தைச் சுருக்கப் பயன்படுத்தும் ஹெச்இவிசி முறை 2013இல்தான் வந்தது, பாவம் அதற்கு எப்படித் தெரியும்? அதனால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பழைய ஹெச்264 முறைக்கு மாற்றி, பிறகு ஃபிளிக்கில் கொடுத்தேன். இரட்டை வேலைதான்.

தரம் நேரத்தைப் பொறுத்தது. 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும், படம் நன்றாக இருக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் பாதியாகும். இராத்திரி இருட்டில் தீப்பந்தம் சுழலும்போது கட்டம் கட்டமாக உடையும். நீளமான கூத்து என்றால் இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே மேல்.

என்னை அதிகம் படுத்தியது சட்டகக் கணக்கு. போன் எடுப்பது நொடிக்கு 30. அதை 25 ஆக்கினால் ஆறில் ஒன்று விழும், தப்பு மேளத்துக்கு ஆடும் கால் லேசாக வெட்டி வெட்டிப் போகும். நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகம் ஓடும் என்டிஎஸ்சி என்ற இன்னொரு டீவி முறையில் செய்தால் அந்த வெட்டு இல்லை, ஆனால் அம்மாயியின் டீவி அதைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. வெட்டு பரவாயில்லை என்று பால் முறையிலேயே விட்டேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த துண்டுகள் வேறு, திரையில் பாதி அகலம்கூட வரவில்லை.

ரைட் பண்ண டிவிடி-ஆர் வாங்குங்கள். பழைய செட்டுகள் டிவிடி+ஆர் என்ற வகையைவிட இதை எளிதாக ஏற்கின்றன. வேகம் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் போதும். மழை நாளில் கரண்ட் போனால் பாதியில் நின்ற டிஸ்க் குப்பைக்குத்தான், ஆகவே லேப்டாப் பேட்டரியை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

அம்மாயி பார்த்துவிட்டார். இப்போது பக்கத்துக் காம்பிரா அக்காவும் கேட்கிறார். அவர் வீட்டுச் செட்டில் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதாம். பென் டிரைவோடு போகிறேன்.